கறுப்பாக 'இருந்தாலும்'...

"கறுப்பாக இருந்தாலும் களையான பிள்ளை."

கலியாணப் பேச்சு நடக்கும் எந்தத் தமிழ் வீட்டிலும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். சொல்பவர் பெண்ணைப் புகழ்வதாகவே நினைத்துக்கொள்கிறார். கேட்பவரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார். ஆனால் முப்பது வருடங்களுக்கு மேலாகச் சொற்களோடு மல்லுக்கட்டிப் பிழைத்த பத்திரிகைக்காரனான எனக்கு அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடிவதில்லை. 'ஏழையாக இருந்தாலும் நேர்மையானவர்', 'வயது போனாலும் நினைவு தெளிவு' என்று ஒரு குறையை ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடு சொல்லும்போதுதான் நாம் இப்படிப் பேசுவோம். அப்படியானால் கறுப்பு என்பது எப்போது குறையாயிற்று? தமிழில் அது எப்போதும் இப்படித்தான் இருந்ததா?

இல்லை என்பதே என் பதில். அதைச் சொல்வதற்கு முந்தலைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் வீதியில், சிலாபத்தைத் தாண்டியபின் வருவது முந்தல். ஒருபுறம் களப்பு, அதற்கும் அப்பால் மணல் திட்டு, அதன் பின்னே பெருங்கடல். ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் இந்தக் களப்பைத் தெற்கே சிலாபத்தோடும் வடக்கே புத்தளத்தோடும் இணைக்கிறது. கரைவலை, கருவாடு, இறால் பண்ணை, தென்னை என்று பிழைக்கும் மண். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் இந்தக் கரையில் எல்லோர் முதுகிலும் ஒரே வெயில்தான் அடிக்கிறது. வாடிகளில் மீன் கழுவி, உப்பிட்டு, காயவைத்துப் புரட்டும் பெண்களின் மேனியில் அந்த வெயில் தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறது.

அண்மையில் ஓர் அலுவலாக அங்கே போயிருந்தபோது, வீதியோரக் கடையொன்றில் ஒரு தாய் சின்னஞ்சிறு டப்பா ஒன்றை விலை கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளையாக்கும் கிறீம். டப்பாவில் தயாரித்தவர் பெயரில்லை. தமிழிலோ சிங்களத்திலோ ஒரு வரி இல்லை. யாருக்கு என்று கேட்டேன்.

"மகளுக்கு ஐயா. கலியாணம் பேசிக்கிட்டிருக்கோம்."

"மாப்பிள்ளை வீட்டில் நிறத்தைப் பற்றி ஏதாவது சொன்னார்களா?"

"ஒன்னும் சொல்லல ஐயா. அவங்க சொல்றதுக்கு முந்தி நாமளே பார்த்துச் செஞ்சிக்கணும்ல."

யாரும் சொல்லவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டது. ஒரு சமூகத்தின் அழகு அளவுகோல் இப்படித்தான் இயங்குகிறது. அதற்குச் சட்டமில்லை, காவலர் இல்லை. சொல்லாமலே எல்லோரும் கீழ்ப்படிகிறார்கள்.

இதிலுள்ள விசித்திரத்தை எண்ணிப் பாருங்கள். முந்தல் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்குவது உடப்பு. அங்கே கோயில் கொண்டிருப்பவள் திரௌபதை அம்மன். வருடந்தோறும் நடக்கும் தீமிதிப்பு இந்தக் கரையோரம் முழுவதிலும் புகழ்பெற்றது. யார் இந்தத் திரௌபதை? மகாபாரதம் அவளுக்கு இட்ட பெயர்களில் ஒன்று கிருஷ்ணை, அதாவது கரியவள். நெருப்பிலிருந்து பிறந்தவள், கருநிறத்தவள், பேரழகி. அவளுடைய சுயம்வரத்துக்கு நாடெங்கும் இருந்து அரசர்கள் திரண்டு வந்தார்கள். 'கறுப்பாக இருந்தாலும்' அழகி என்று அந்தக் காவியம் அவளைச் சொல்லவில்லை. கரியவள், அழகி. இடையில் எந்த மன்னிப்பும் இல்லை. அந்தக் கரியவளுக்காகத் தணலில் இறங்குகிற ஊர்களில்தான், சொந்த மகளின் கருநிறத்துக்குக் களிம்பு தேடுகிறோம்.

காவியம் இருக்கட்டும், நம் சொந்த மொழிக்கு வருவோம். சங்கத் தமிழில் 'மாமை' என்று ஒரு சொல் உண்டு. 'மா' என்றால் கருமை. மாயோன் என்றால் கரியவன். மாயோள் என்றால் கரியவள். பெண்ணின் மேனியில் மாந்தளிர் போலப் பொலியும் அந்தக் கருநிறத்தைப் பழந்தமிழ்ப் புலவர்கள் மாமை என்றார்கள். அந்தச் சொல்லுக்கே அழகு என்ற பொருளும் உண்டு. நிறமும் அழகும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்தன.

அதற்கு எதிர்ச்சொல் போல நின்றது பசலை. காதலன் பிரிந்த துயரில் பெண்ணின் மேனி வெளிறிப் பொன்னிறமாகிவிடும், அதுவே பசலை. திருக்குறளில் இதற்கென்று ஓர் அதிகாரமே உண்டு: 119 ஆவது, பசப்புறு பருவரல். கவனியுங்கள்: பொன்போல வெளிறுவது அங்கே அழகல்ல, நோய். மாமை போய்விட்டதே என்று தலைவி கலங்குகிறாள், தோழி கலங்குகிறாள், தாய் கலங்குகிறாள். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னர் வெளிறிய மகளைக் கண்டு கலங்கிய தமிழ்த்தாய், இன்று மகளை வெளிறவைக்கக் கடையில் காசு கொடுக்கிறாள்.

இலங்கையின் இன்னொரு சாட்சி சிகிரியா. காசியப்பன் ஆண்ட ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டப்பட்ட அந்தச் சுவர்ப் பெண்களில் பொன்னிறத்தவரும் உண்டு, கருநிறத்தவரும் உண்டு. ஒரே பாறையில், ஒரே மேகக் கூட்டத்தில், ஒரேவிதமான மலர்களோடு நிற்கிறார்கள். பிற்காலத்தில் பார்த்தவர்களில் சிலர் பொன்னிறத்தவரைச் சீமாட்டிகள் என்றும் கருநிறத்தவரைப் பணிப்பெண்கள் என்றும் வகுத்தார்கள். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதானவோ, கரியவர்களை மேகமென்றும் பொன்னிறத்தவரை மின்னலென்றும் வாசித்தார். எந்த வாசிப்புச் சரி என்பது அறிஞர் வழக்கு. என்னைச் சிந்திக்க வைப்பது வேறு. ஒரே நிறத்தில் ஒருவர் கண்ணுக்கு வேலைக்காரி தெரிகிறாள். இன்னொருவர் கண்ணுக்கு மழைமேகம் தெரிகிறது. வித்தியாசம் சுவரில் இல்லை. பார்க்கிற கண்ணில் இருக்கிறது.

உலகத்தைச் சுற்றிப் பார்த்தாலும் இதுதான் கதை. சீனத்தில் நூற்றாண்டுக் கணக்காகச் சிறுமிகளின் பாதங்களை எலும்பு முறியக் கட்டிச் சிறிதாக்கினார்கள். சிறிய பாதமே அழகு. 1912 இல் புதிய குடியரசு அதைத் தடை செய்தது. ஜப்பானில் மணமான பெண்கள் பற்களைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். பளபளக்கும் கறுப்புப் பல்லே அங்கே அழகு. மொரிட்டானியாவில் பெண்ணின் உடல் பருத்திருக்க வேண்டுமென்று சிறுமிகளுக்குப் பாலை வற்புறுத்திப் புகட்டும் வழக்கம் இருந்தது. முற்றாக இன்னும் ஒழியவில்லை. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் காது வளர்த்து, தோள் தொட ஆடும் பாம்படமும் தண்டட்டியும் அணிந்தார்கள் நம் பாட்டிமார். அது அழகு என்றிருந்த காலம் மலையேறியபின், வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டவர்களும் அவர்களுக்குள்ளேயே உண்டு. ஒரே வாழ்நாளுக்குள் ஒரே காதில் இரண்டு அழகுகள். இரண்டுக்கும் ரத்தம் சிந்தியது அதே பெண்.

இவற்றில் இரண்டு உண்மைகள் தெரிகின்றன. அழகின் அளவுகோல் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுகிறது என்பது ஒன்று. இது பலரும் சொல்வது. மற்றது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை: அளவுகோல் எதுவானாலும், அது 'நான் உழைக்கத் தேவையில்லாதவள்' என்று அறிவிப்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. கட்டிய பாதத்தோடு வயலில் இறங்க முடியாது. பஞ்சம் பார்த்த நாட்டில் பருத்த உடல் செல்வத்தின் விளம்பரம். வெளிறிய தோல், வெயிலில் நிற்கத் தேவையில்லாத வீட்டின் விளம்பரம்.

வெள்ளையர் நாடுகளிலேயே இதற்குச் சான்று உண்டு. மக்கள் வயலில் உழைத்த காலத்தில் ஐரோப்பிய மேட்டுக்குடிப் பெண்கள் ஈயம் கலந்த வெண்பூச்சைப் பூசி வெளுத்தார்கள். அது நஞ்சு என்று அறிந்த பின்னும் பூசினார்கள். தொழிலாளர்கள் ஆலைக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் அடைபட்டு வெளிறியபின், 1920 களிலிருந்து கதை தலைகீழானது. விடுமுறைக்குக் கடற்கரை போக வசதியுள்ளவரின் அடையாளமாக வெயிலில் கறுத்த தோல் மாறியது. இன்றைக்கும் கற்பிட்டிக் கரையில் இதைப் பார்க்கலாம். பல்லாயிரம் மைல் பறந்துவந்த வெள்ளைக்காரப் பெண் கறுப்பதற்காக மணலில் படுத்திருக்கிறாள். எங்கள் பெண் கறுத்துவிடாமலிருக்கக் குடையோடு அவளைக் கடந்து போகிறாள். வெயில் ஒன்றுதான். ஒருத்திக்கு அது பொழுதுபோக்கு. மற்றவளுக்கு அது கூலி.

ஆகவே, நம்முடைய நிற மோகத்துக்கு முழுப் பழியையும் வெள்ளைக்காரன்மேல் போட்டுவிட்டுக் கை கழுவ நான் தயாரில்லை. வெயிலில் உழைப்பவர், நிழலில் இருப்பவர் என்ற பேதம் அவன் வருமுன்பே நம்மிடம் இருந்தது. அதற்குச் சாதியும் உரம் போட்டது. வெள்ளையன் வந்தான், ஆட்சிக் கதிரையில் இருப்பவனின் நிறம் அது என்ற முத்திரையையும் சேர்த்துக் குத்தினான். அவன் போனபின் மிச்ச வேலையைச் சினிமாவும் சந்தையும் பார்த்துக்கொண்டன.

தமிழ்ச் சினிமாவில் கறுப்பு ஆணுக்குக் குறையே இல்லை. ரஜினிகாந்தும் விஜயகாந்தும் கோடிக்கணக்கானோரின் நாயகர்கள். கறுப்பு அவர்களுக்கு வீரம். நம்மில் ஒருவர் என்ற நெருக்கம். அதே திரையில் நாயகிக்கு மட்டும் வடக்கிலிருந்து வெள்ளைத்தோல் இறக்குமதி. விதிவிலக்குகள் இருந்தன. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 'வீடு' படத்தில் அர்ச்சனாவை நாயகியாக்கினார். அந்த நடிப்புக்குத் தேசிய விருதே கிடைத்தது. 'அழகி' என்று பெயரிட்ட படத்துக்கு 2002 இல் தங்கர் பச்சான் தேர்ந்தெடுத்தவர் நந்திதா தாஸ். ஆனால் விதிவிலக்கைக் கைதட்டி ரசித்துவிட்டு, வீட்டுக்கு வந்து விதியையே கடைப்பிடிப்பது நம் பழக்கம்.

திரை ஒரு தலைமுறையின் கண்ணையே மாற்றிவிடும் என்பது மிகைப்பேச்சல்ல. பீஜித் தீவுகளில் பருத்த, வலிமையான உடலே பெண்ணுக்கு அழகு என்று இருந்தது. 1995 இல் அங்கே ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆன் பெக்கர் பள்ளி மாணவியரிடம் அந்த வருடமும், மீண்டும் 1998 இலும் ஆய்வு செய்தார். உணவுப் பழக்கக் கோளாற்றின் அறிகுறிகள் காட்டியோர் 12.7 வீதத்திலிருந்து 29.2 வீதமாக உயர்ந்திருந்தார்கள். மூன்றே வருடம். நம் வீடுகளில் தொலைக்காட்சி ஓடுவது நாற்பது வருடங்களுக்கு மேலாக. இப்போது கைப்பேசியும் சேர்ந்துகொண்டது.

இதெல்லாம் வெறும் ரசனை விவகாரம், இதற்கு ஏன் இத்தனை ஆதங்கம் என்று கேட்பவர்கள் உண்டு. 'எனக்குச் சிவப்புப் பிடிக்கிறது. அது என் விருப்பம்' என்பார்கள். ஒருவரின் விருப்பத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஓர் ஊரே, ஓர் இனமே ஒரே நாளில் ஒரே விருப்பத்தோடு பிறப்பதில்லை. அது விருப்பமல்ல, விலைப்பட்டியல். நிறம் குறையக் குறையச் சீதனம் கூடுகிறது. வீடும் காணியும் நகையும் ஒரு பெண்ணின் தோலுக்கு ஈடாகத் தராசில் ஏறுகின்றன. பத்திரிகையில் வந்த 'மணமகள் தேவை' விளம்பரங்களை வருடக்கணக்காக மெய்ப்புப் பார்த்தவன் நான். 'சிவந்த, அழகிய மணமகள்' என்று கேட்டவர்களில் மணமகனின் நிறத்தைச் சொன்னவர் எவரும் என் நினைவில் இல்லை. விலைப்பட்டியல் எப்போதும் பொருளுக்குத்தான், வாங்குபவனுக்கு இல்லை.

அதைவிடக் கொடுமை உடலுக்கு நேர்வது. விரைவில் வெளுக்கவைக்கும் மலிவான கிறீம்கள் பலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால்தான் முகம் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. உடலுக்குள் சேர்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது, கருவிலுள்ள சிசுவையும் சென்றடைகிறது. பாதரசம் இல்லாதவற்றில் வைத்தியர் சொல்லாமல் பூசக்கூடாத ஸ்டீரொய்ட் மருந்து இருப்பதுண்டு. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து புண்ணாகும். கலியாணத்துக்காகப் பூசியது, கலியாணத்துக்குப் பின் பிறக்கும் பிள்ளையைத் தேடிப்போகிறது என்பதை அந்தக் கடையில் யார் சொல்வார்கள்?

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. 2023 பெப்ரவரியில், பாதரசம் கலந்த வெள்ளையாக்கும் கிறீம்களை ஒழிப்பதற்காக ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் தலைமையில் 1 கோடியே 40 இலட்சம் டொலர் செலவிலான திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதற்காகச் சேர்ந்துகொண்ட மூன்று நாடுகள் காபொன், ஜமேக்கா, இலங்கை. நம் வீட்டுக் கண்ணாடி மேசையில் இருக்கும் டப்பா உலக மட்டத்துப் பிரச்சினையாகிவிட்டது. அதே வருட நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உடன்படிக்கை நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அனைத்தையும் 2025 உடன் நிறுத்துவதென்று தீர்மானித்தன. தீர்மானம் தாளில் இருக்கிறது. டப்பா கடையில் இருக்கிறது.

நல்ல மாற்றங்களே இல்லை என்று சொல்லமாட்டேன். 2009 இல் சென்னையில் ஒரு பெண்கள் அமைப்பு 'கறுப்பே அழகு' என்ற கருத்தோடு இயக்கம் ஒன்றைத் தொடங்கியது; 2013 இல் நந்திதா தாஸ் அதற்கு முகம் கொடுத்தார். 2014 இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், கருநிறத்தவரைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாதென்று வழிகாட்டி வெளியிட்டது. 2020 ஜூனில், அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் கொல்லப்பட்டதை அடுத்து உலகெங்கும் எழுந்த எதிர்ப்பலையில், பெரிய திருமண இணையத்தளம் ஒன்று நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. 1975 இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபெயார் அன்ட் லவ்லி' தன் பெயரிலிருந்த 'ஃபெயார்' என்ற சொல்லை அதே வருடம் உதறி, 'குளோ அன்ட் லவ்லி' ஆயிற்று.

சொல் மாறியது நல்லதுதான். ஆனால் 'சிவப்பு' போன இடத்தில் 'பொலிவு' வந்து உட்கார்ந்துகொண்டு அதே வேலையைச் செய்யுமானால் என்ன பயன்? புலம்பெயர்ந்த நாடுகளில் பாருங்கள். நிறவெறிக்கு எதிரான ஊர்வலத்தில் முழக்கமிட்ட அதே பிள்ளையின் கலியாணத்தில், மணப்பெண் அலங்காரம் என்ற பெயரில் அவள் முகத்தை இரண்டு மூன்று படி வெளுப்பாக்கி விடுகிறார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் வேறு நிறம். மீதியைப் புகைப்படக்காரர் கணினியில் வெளுக்கிறார். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நாம் விட்டுவராத சீதனங்களில் இதுவும் ஒன்று.

இனிமேல் கறுப்புத்தான் அழகு, வெளுப்பு அழகில்லை என்று புதிய அளவுகோல் ஒன்றை நட்டுவைக்க நான் வரவில்லை. அதுவும் இன்னொரு பெண்ணைத் தராசில் ஏற்றும். சங்கப் புலவர்களைத் துணைக்கு அழைத்ததும் அதற்காக அல்ல. இன்று இயற்கை என்று நாம் நினைப்பது இயற்கையல்ல, மனிதர் செய்தது, செய்ததை மாற்றலாம் என்று காட்டுவதற்காகத்தான்.

எங்கே தொடங்குவது? பத்திரிகைகள் கலியாண விளம்பரங்களில் நிறத்தைக் குறிக்கும் சொல்லை ஏற்பதில்லை என்று முடிவெடுக்கலாம். அதற்குச் சட்டம் தேவையில்லை, ஓர் ஆசிரியரின் ஒரு கையொப்பம் போதும். நுகர்வோர் அதிகாரிகள் உற்பத்தியாளர் பெயரில்லாத டப்பாக்களைத் தேடிக் கொழும்பை விட்டுக் கொஞ்சம் வெளியே வரலாம். முந்தல் வீதி நல்ல வீதிதான். பள்ளிக்கூடத்தில் பசலை பற்றிப் படிப்பிக்கும் ஆசிரியர், மாமையையும் சேர்த்து விளக்கலாம். வகுப்பின் பின்வரிசையில் தலைகுனிந்திருக்கும் ஒரு பிள்ளை அன்றைக்கு நிமிர்ந்து பார்க்கும்.

மற்றவர்களான நாம் செய்யவேண்டியது இன்னும் எளிது. அடுத்த முறை ஒரு பெண்பிள்ளையைப் பற்றிப் பேச்சு வரும்போது, வாயில் வந்து நிற்கும் அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லை விழுங்கிவிடுங்கள். 'கறுப்பான, களையான பிள்ளை' என்று சொல்லிப் பாருங்கள். தமிழ் இலக்கணத்தில் எந்தப் பிழையும் வராது.